தண்ணீருக்குள் இருக்கும் ஆண்

அந்த நகரத்து மிருகக்காட்சி சாலை பேருந்துப் பணிமனைக்கும் பழைய சிறைச்சாலைக்கும் நடுவில் இருந்தது. சிறைச்சாலையை மூடிவிட்டார்கள். இதை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் கூட்டம் நெரியும். வருகிறவர்களுக்கு மிருகங்களைப் பார்க்க வந்ததாகத்தான் நினைப்பு. உள்ளே போனதும் மிருகங்கள் தங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ரோஷம் வந்துவிடும். தூங்குகிற சிங்கத்தை விசிலடித்து எழுப்புவார்கள். அது எழுந்து நின்றால், "இவ்வளவுதானா?" என்பார்கள். சிங்கத்துக்குப் பிடரி பாதி உதிர்ந்து பழைய பிரஷ் மாதிரி ஆகியிருந்தது என்பது வாஸ்தவம். சொன்னவர்களின் தலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

இந்த லட்சணங்களையெல்லாம் தீவன அறையின் கம்பி ஜன்னல் வழியாக இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் ஊமையக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் ஊமை இல்லை. அம்மா இறந்தபோது ஏழாம் வகுப்பை விட்டுவிட்டு, இடுப்பில் தங்கையைத் தூக்கிக்கொண்டவள். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்போதிருந்த அதிகாரி, "வாயில்லாத ஜீவன்களுக்கு வாயில்லாத ஆள்" என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளுக்கும் பேசவேண்டிய அவசியம் வரவில்லை.

தீவன அறையில் ஒரு சிமெண்டு மேடை, இரண்டு கத்தி, ஒரு தராசு, ஆணியில் மாட்டிய தீவனச் சீட்டு, சுவரோரமாக எண் எழுதிய தொட்டிகள். காலை ஐந்தரைக்கு வந்து முட்டைக்கோஸை நாலாக வெட்டுவாள். பரங்கிக்காயைப் பிளப்பாள். குரங்குகளுக்கு வாழைப்பழம், பறவைகளுக்கு ஊறவைத்த தானியம், மூன்று மணிக்கு இறைச்சி. தொட்டிகள் தள்ளுவண்டியில் போகும். மறுநாள் மிச்சத்தோடு திரும்பி வரும். அவளுடைய படிப்பெல்லாம் அந்த மிச்சத்தில்தான். கரடி கேரட்டைக் கடிக்காமல் நக்கிவிட்டு வைத்திருந்தால் அதற்குப் பல்வலி. நரித் தொட்டியில் எலும்பு முழுசாக வந்தால், கூண்டில் ஒரு நரி இன்னொன்றைச் சாப்பிட விடவில்லை. மருத்துவர் கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதாவது, மருத்துவர் கண்டுபிடித்தால்.

மிருகங்களைவிட மனிதர்களைப் படிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அவர்கள் மிச்சம் வைப்பதே இல்லை.

அவளுடைய தங்கையின் கணவர்தான் அங்கே தலைமைக் காப்பாளர். ஊமையக்காதான் அப்போதைய அதிகாரியின் வாசலில் நாலு நாள் நின்று அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். வந்த ஆறே மாதத்தில் அவர் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் தன்னை மாஸ்டர் என்று கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டார். சர்க்கஸ் கூடாரத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்.

மாஸ்டருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. நீர்யானைக் குளத்தின் கைப்பிடிச் சுவரில், தகவல் பலகையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். இரண்டு தடவை கை தட்டுவார். குளத்திலிருந்து குண்டம்மா என்ற பெண் நீர்யானை தலையைத் தூக்கி, பெட்டியைத் திறந்த மாதிரி வாயைப் பிளக்கும். அவர் கால்வாசி முட்டைக்கோஸ் ஒன்றை உள்ளே எறிவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அவர் ஏதோ அதைப் பெற்று வளர்த்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவர் போனதும் கூட்டம் கை தட்டும். குண்டம்மா வாயைத் திறக்கும். கூட்டத்திடம் முட்டைக்கோஸ் இருக்காது. கையில் இருப்பதை எறிவார்கள். சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டிலின் மூடி, குழந்தையின் பந்து. ஒரு அப்பா தன் மகனுக்குக் குறிபார்த்து எறியச் சொல்லிக்கொடுத்ததை ஊமையக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மகன் அழ ஆரம்பித்தான். அப்பா தானே எறிந்துகாட்டினார். 'எதையும் எறியாதீர்கள்' என்ற எழுத்து தகவல் பலகையின் கடைசி வரியில் இருந்தது. மாஸ்டரின் முழங்கை பட்டுப் பட்டு அந்த வரி தேய்ந்துவிட்டது.

அந்தப் பலகையில் 'நீர்யானை: ஒரு ஜோடி' என்றும் எழுதியிருந்தது. அது பொய். ஆண் நீர்யானையை, பழைய அதிகாரி இரண்டு வரிக்குதிரைகளுக்குப் பதிலாக வேறொரு நகரத்துக்கு லாரியில் அனுப்பி பதினைந்து மாதமாகிவிட்டது. வந்த வரிக்குதிரைகளில் ஒன்று வழியிலும், மற்றது வந்த வாரத்திலும் செத்தன. அவமானத்தில் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, பலகையையும் மாற்றவில்லை, அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். போன மாதத்துச் சீட்டைப் பார்த்து இந்த மாதத்துச் சீட்டை எழுதுகிற குமாஸ்தா, 'நீர்யானை: இரண்டு' என்றே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் தவிடும் ரொட்டியும் காய்கறியும் வந்துகொண்டிருந்தன. ஒரு பங்கு குளத்துக்குப் போகும். இன்னொரு பங்கு சாக்கில் கட்டப்பட்டு மாஸ்டரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஏறி, அவர் வீட்டுக் கொட்டிலில் இருக்கும் இரண்டு மாடுகளுக்குப் போகும். அந்த மாடுகளின் பால் காலையில் புது அதிகாரியின் வீட்டுக்குப் போகும்.

சாக்கின் வாயைக் கட்டியது ஊமையக்காதான். அந்தப் பாலில் போட்ட டீயைத்தான் அவளும் குடித்தாள். தங்கை வீட்டின் பின்கட்டில், கொட்டிலை ஒட்டிய ஓர் அறையில்தான் அவள் குடியிருந்தாள். அதற்கு முன்னால் அது வைக்கோல் போட்டு வைத்த அறை.

புது அதிகாரி தெருவிளக்குப் பிரிவிலிருந்து வந்தவர். இருபது வருஷம் கம்பங்களை நிர்வகித்தவர். கம்பம் அசையாது, சாணி போடாது. இங்கே வந்த முதல் வாரம் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். குளத்துக்கு முப்பதடி தள்ளி நின்று, பலகையைப் படித்துவிட்டு, "ஒண்ணுதானே தெரியுது?" என்று கேட்டார்.

"ஆண் தண்ணிக்குள்ள இருக்கு சார்," என்றார் மாஸ்டர். "கொஞ்சம் கூச்ச சுபாவம்."

அந்த நேரம் பார்த்துக் குண்டம்மா முங்கி, குளத்தின் மறு ஓரத்தில் முதுகைக் காட்டியது.

"அதோ!" என்றார் அதிகாரி. முகமெல்லாம் சிரிப்பு. அதோடு அவருடைய மேற்பார்வை முடிந்தது.

இது நடந்து ஒரு வருஷம் கழிந்த பிறகு குண்டம்மாவின் வயிறு பெருக்க ஆரம்பித்தது. கரையில் ஏறிப் படுத்தால் எழ மனமில்லாமல் கிடந்தது. தொட்டியில் முதலில் தவிடு மிச்சம் வந்தது, பிறகு பரங்கிக்காய். மாஸ்டர் ஒரு வாரம் யோசித்தார். அவர் யோசிப்பதே ஆபத்து. நேராக அதிகாரியின் அறைக்குப் போய், "சார், நம்ம குண்டம்மா மாசமா இருக்கு," என்றார்.

புதன்கிழமைதோறும் வருகிற மருத்துவர் அழைக்கப்பட்டார். அவருக்கு ஊருக்குள் நாய்க்குட்டிகளுக்கான மருத்துவமனை இருந்தது. கிளி கடித்த நாளிலிருந்து அவர் எந்தக் கூண்டுக்கும் கை நீட்டியதில்லை. கைப்பிடிச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி பார்த்தார். "ஆமா. இருக்கும்," என்றார். அந்த 'இருக்கும்' பத்திரிகையில் 'உறுதி' என்று வந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா. அதிகாரி கைக்குட்டை இல்லாமல் குளத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். குட்டிக்குப் பெயர் வைக்கும் போட்டி என்று வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். ஊரே பெயர் எழுதிப் போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேயர் வந்து பெயரை அறிவிப்பதாக ஏற்பாடு. மாஸ்டரை மேற்பார்வையாளர் ஆக்கப்போவதாகப் பேச்சு. வருகிற கூட்டம் மூன்று மடங்கானது. கைதட்டலும் மூன்று மடங்கானது. குண்டம்மா முக்கால் மயக்கத்திலும் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. பழக்கிவிட்டார்களே.

ஊமையக்கா திரும்பி வந்த தொட்டியைப் பார்த்தாள். அனுப்பிய எடை அப்படியே இருந்தது. முட்டைக்கோஸில் பல் படவில்லை. அன்று மிருகக்காட்சி சாலைக்கு வார விடுமுறை. மதியம் யாருமில்லாத நேரத்தில் குளத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நீர்யானை சாணி போடும்போது வாலைச் சுழற்றி வீசி அடிக்கும். பின்சுவர் எப்போதும் பச்சையாக அப்பிக்கிடக்கும். இப்போது சுவர் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். குண்டம்மா கரையில் கிடந்து அவளைப் பார்த்தது. எப்போதும் படபடவென்று அடித்துக்கொள்கிற அந்தச் சின்னக் காதுகள் அசையவில்லை.

உள்ளே இருப்பது குட்டி இல்லை, ஊர் எறிந்த குப்பை. இன்னும் சில நாள் போனால் இது செத்துவிடும். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னால் ஆண் இல்லை என்பதும் தெரியும். ஆண் இல்லை என்று தெரிந்தால் சாக்கு தெரியும். சாக்கு தெரிந்தால் தங்கை வீட்டு அடுப்பு அணையும். இதெல்லாம் அவள் சேற்றில் நின்றுகொண்டே யோசித்தாள். எத்தனை யோசித்தாலும் காதுகள் அசையவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டிலுக்குப் போனாள். மாஸ்டர் பால் கறந்துகொண்டிருந்தார்.

"தம்பி. அது வயித்துல குட்டி இல்ல."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மாடு பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

"என்னக்கா, காலங்காத்தால உங்களுக்குப் பேச்சு வந்துடுச்சு?"

"ஒரு வாரமா சாணி போடல. தொட்டி அப்படியே திரும்பி வருது."

"மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். அதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

அந்தக் குத்தல் எங்கே படவேண்டுமோ அங்கே பட்டது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஆண் போயி பதினஞ்சு மாசம். அது எட்டு மாசம்தான் சுமக்கும்."

"மெதுவா பேசுங்க." மாஸ்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "எட்டு மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பலகையில எழுதியிருக்கு. நீங்க தெனமும் சாஞ்சுக்கிட்டு நிக்கிறது அது மேலதான்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் ஆடு திருடியவர் மாதிரி விழித்தார். அப்புறம் சமாளித்துக்கொண்டார். "சிலது வச்சிருந்து போடும்க்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா போதும். அப்புறம் பாத்துக்கலாம்."

தங்கை டம்ளரோடு வந்தாள். "என்னக்கா, என்ன ரகசியம்? இவருக்குப் பிரமோஷன் வர்ற நேரம், நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. போ."

"உங்க அக்காவுக்கு நம்மள பாத்து வயித்தெரிச்சல்," என்று மாஸ்டர் சிரித்தார். "பின்கட்டு ரூம்ல காத்து வரலையாம். வேற எடம் பாக்கணுமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்ற சொல்லைத்தான் அவள் எடுத்துக்கொண்டு போனாள். மற்றதெல்லாம் பழகின விஷயம்.

புதன்கிழமை மருத்துவர் வந்தார். பதினோரு மணி, கூட்டம் இருந்தது. ஊமையக்கா தீவன அறையை விட்டு வெளியே வந்து, அவருடைய ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். பார்வை நேரத்தில் அவள் வெளியே வந்ததே இல்லை. ஒரு சிறுமி, "அம்மா, இது எந்தக் கூண்டு?" என்று கேட்டாள். மருத்துவர் பத்து நிமிஷத்தில் சுற்றை முடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா? மாட்டுக்கு ஏதாவது மருந்து வேணுமா?"

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "குண்டம்மாவுக்கு உள்ள அடைச்சிருக்கு டாக்டர். குட்டி இல்ல."

"நீ உள்ள போயி பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

கேட்டது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மருத்துவர் சாவியைப் பூட்டில் நுழைத்தார். "இங்க பாரும்மா, நீ காய் வெட்டு. நான் வைத்தியம் பாக்குறேன்."

"ஆண் இல்லாம எப்படி டாக்டர் குட்டி வரும்?"

"ஆண்தான் தண்ணிக்குள்ள..."

"பதினஞ்சு மாசமா மூச்சு விடாமலா? லாரியில ஏத்தினப்ப பயணச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது நீங்கதான். இதே ஸ்கூட்டர் சீட்டு மேல வச்சுப் போட்டீங்க. நான் பேனா எடுத்துக் குடுத்தேன்."

மருத்துவர் ஸ்கூட்டரின் இருக்கையைப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது. "அதுவா?" என்றார். "நான் அத வரிக்குதிரை பேப்பர்னு நினைச்சேன்."

எட்டு அடி நீளப் படிப்புப் பட்டம் அவர் மருத்துவமனைச் சுவரில் தொங்குவதாகச் சொல்வார்கள். ஊமையக்கா அவருக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் தெம்பானார்.

"இப்ப என்ன செய்யச் சொல்ற? பேப்பர்லயெல்லாம் வந்துடுச்சு. அடைப்புன்னு எழுதினா என் பேரு என்னாகும்?"

"எழுத வேணாம். மருந்து குடுங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு சீட்டில் 'கர்ப்பகால ஊட்டச்சத்து' என்று எழுதினார். கீழே பாரபின் எண்ணெய் நான்கு கேன், பேதி உப்பு ஒரு மூட்டை. "ரொட்டிக்குள்ள ஊத்திக் குடு. வேற தீனி எதுவும் குடுக்காத. குழாயைத் தொறந்து விட்டு வை, தண்ணி நெறைய குடிக்கணும். நான் எதுவும் சொல்லல."

"நீங்க எப்ப சொல்லியிருக்கீங்க," என்றாள் அவள். அதைச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே, கிட்டத்தட்ட மனசுக்குள்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்து, மாஸ்டரும் கிளம்பிய பிறகு, முழு ரொட்டிகளின் நடுவைக் குடைந்து, எண்ணெயையும் உப்பையும் நிரப்பி, ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு குளத்தின் தீவன வாசலுக்குப் போனாள். குண்டம்மாவின் மூக்குக்கு நேரே ரொட்டியை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூப்பிட்டாள். அசையவில்லை. கம்பிக்குள் கையை விட்டு உதட்டைத் தள்ளிப் பார்த்தாள்; பாறையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. வாளியைக் கீழே வைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு தடவை கை தட்டினாள்.

குண்டம்மா வாயைத் திறந்தது.

சாகக் கிடக்கிற நிலையிலும், சாப்பிட மனமில்லாத நிலையிலும், யாரோ கைதட்டினார்கள் என்பதற்காகத் திறந்தது.  அவள் கை நிற்கவில்லை. தொண்டை ஓரத்தில் விழுகிற மாதிரி ரொட்டியை எறிந்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி எறிந்தாள். வாளி காலியாகிற வரைக்கும் மாஸ்டர் செய்கிற அதே வேலையைச் செய்தாள். வியாழன் இரண்டு வேளை, வெள்ளி இரண்டு வேளை. "ஊட்டச்சத்து" என்று மாஸ்டரிடம் சீட்டைக் காட்டியதும், "குட்டி கொழுகொழுன்னு வரணும்க்கா" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அவள் ஐந்தரைக்கு வந்தபோது நாற்றம் பணிமனை வாசலிலேயே அடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு எந்த வாசனையும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. பின்சுவர் உச்சி வரைக்கும் பச்சை. குளத்தின் படிகளில், கயிறாக முறுக்கிக்கொண்ட சிப்ஸ் பாக்கெட்டுகள். அந்தக் கயிறு அவள் கை நீளத்தைவிட அதிகம். பாட்டில் மூடிகள், ஒரு செருப்பின் வார், பாதி ரப்பர் பந்து, கறுப்புக் கண்ணாடியின் ஒரு கால். குண்டம்மா தண்ணீரில் நின்றிருந்தது. வயிறு தளர்ந்து தொங்கியது. காதுகள் படபடவென்று அடித்து அவள் முகத்தில் நீரைத் தெளித்தன. அவள் உள்ளே போய் ஒரு கட்டுப் புல்லை எடுத்துவந்து வைத்தாள். அது தின்றது. அவள் படியில் உட்கார்ந்து அது தின்கிற சத்தத்தைக் கேட்டாள்.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். "வயிறு எங்க?" என்று கத்தினார்.

பத்து மணிக்கு அவர் அறையில் நாலு பேர். அதிகாரி உட்கார்ந்திருந்தார். மருத்துவரும் மாஸ்டரும் நின்றார்கள். வாளியில் படிகளிலிருந்து பொறுக்கியதைக் கொண்டுவந்திருந்த ஊமையக்கா கதவருகே நின்றாள். மருத்துவர் சுற்றி வளைத்து, தொண்டையைச் செருமி, பத்து நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"ஆணே இல்லையா?" அதிகாரிக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் என் கண்ணால பாத்தேனேய்யா!"

மாஸ்டர் விசிலைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில் பதில் கதவருகேயிருந்து வந்தது.

"அது குண்டம்மாவோட முதுகு சார்."

அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஆண் எங்கே போனது, பதினைந்து மாதமாக அதன் பங்கை யார் தின்றது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தவர் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். தன் வீட்டுக்குக் காலையில் வருகிற பால் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு மேயர் வர்றாரு. குப்பைக்கா பேரு வைக்கச் சொல்றது?" என்றார். கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். "குட்டி செத்துப் பொறந்துடுச்சு. புதைச்சாச்சு. டாக்டர், எழுதுங்க."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். அவர் கை இவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. பாதியில் நிறுத்தி, "சார், ஆணுக்கு என்ன செய்யறது? பேப்பர்காரங்க அப்பா எங்கன்னு கேப்பாங்களே?" என்றார்.

மூன்று பேரும் யோசித்தார்கள். மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். "குட்டி போன துக்கத்துல அதுவும் போயிடுச்சுன்னு போட்டுடலாமா சார்?"

அதிகாரி எழுந்து அவர் தோளைத் தட்டினார். "இதுதான்யா மூளை. ஒரே பேப்பர்ல ரெண்டு தொல்லையும் முடிஞ்சுது."

இல்லாத குட்டியும் இல்லாத தகப்பனும் ஒரே பத்தியில் செத்தார்கள். மருத்துவர் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் போட்டார். நேரில் பார்த்த சாட்சி என்று மூன்றாவதாக ஒரு கையெழுத்து வேண்டும். தீவனம் கொடுக்கிற ஆள் என்றால் பொருத்தமாக இருக்கும். காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்கள்.

"இங்க போடும்மா," என்று அதிகாரி விரலால் காட்டினார்.

அவள் காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவாக, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பதே அவர்களுக்குச் செய்தி. மூன்று ஆண்பிள்ளைகளும் அவள் உதட்டையே பார்த்தார்கள். கிழித்துப் போடலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கொட்டலாம். இந்த மூவரும் எப்படி ஓடுவார்கள் என்று ஒரு நிமிஷம் ஆசையாக நினைத்துப் பார்த்தாள். அப்புறம்? மூவருக்கும் பதிலாக இன்னும் மூன்று பேர் வருவார்கள். குளத்தைச் சுற்றிக் கூட்டம் கைதட்டிக்கொண்டேதான் இருக்கும்.

"போடுறேன் சார்," என்றாள். "மூணு விஷயம் இருக்கு."

"என்ன?"

"குளத்தைச் சுத்தி வலை கட்டணும். சுவருக்கு மேல, ரெண்டு ஆள் உயரம். ஒரு பொட்டலம் உள்ள போகக்கூடாது."

"சரி."

"கைதட்டி வேடிக்கை காட்டுறது இனிமே கூடாது. யாரும்."

மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். "சரி. மூணாவது?"

"மாஸ்டரை ஆமைங்க பக்கம் மாத்துங்க. அதுங்க கைதட்டினா தலையை உள்ள இழுத்துக்கும்."

"அக்கா!" என்றார் மாஸ்டர். "வீட்டுல வச்சு சோறு போட்டதுக்கு..."

"சோறு யாரு வீட்டுதுன்னு இங்கயே பேசலாமா தம்பி?"

மாஸ்டர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "நான் என்னமோ நீ குவார்ட்டர்ஸ் கேப்பேன்னு பயந்துட்டேன்." அவர் உண்மையிலேயே ஏமாந்தவர் மாதிரி இருந்தார். தாங்களாக இருந்தால் என்னவெல்லாம் கேட்டிருப்போம் என்று யோசிக்கிறவர்களின் முகம் அது.

அவள் கையெழுத்துப் போட்டாள். பொய்க்கு அடியில் போட்டது என்று அவளுக்குத் தெரியும். சாக்கின் வாயைக் கட்டிய கைதானே. அதற்கு இது புதிதில்லை. பேனாவை மூடி மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு மணித் தொட்டிகளைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேயர் வந்தார். பெயர் அறிவிப்புக்குப் பதிலாக ஒரு நிமிஷ மௌனம் நடந்தது. வரிக்குதிரைக்காகத் தயாரித்து வைத்த வெற்றுக் கொட்டடியில் மண்ணைக் குவித்து இரண்டு மேடு எழுப்பியிருந்தார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மக்கள் பூ வைத்தார்கள். குறிபார்த்து எறியச் சொல்லிக்கொடுத்த அப்பாவும் வரிசையில் நின்று பூ வைத்துவிட்டு, கையிலிருந்த பாக்கெட்டைப் புதரில் போட்டுவிட்டுப் போனார். அதிகாரி தலைகுனிந்து நின்ற படம் மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வியாழக்கிழமைக்குள் வலை ஏறிவிட்டது. கம்பம் நடுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வலைக்குப் பின்னால் குண்டம்மா தண்ணீரில் முங்கிக் கிடந்தது. ஒரு வாரம் சிலர் வந்து தட்டிப் பார்த்தார்கள். அது ஓரிரு தடவை வாயைத் திறந்தது. எதுவும் விழாததால் மூடிக்கொண்டது. பார்க்கிறதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் குரங்குகளைத் தேடிப் போனார்கள்.

தங்கைக்கு மாஸ்டர் எதையும் சொல்லியிருக்கவில்லை. துக்கம் தாளாமல் தானே ஆமைகளிடம் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். அவள் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டு அறைக்கு வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ கிட்ட இருந்து பாத்தியாமே அக்கா. சாட்சிக் கையெழுத்துக்கூடப் போட்டியாமே. பேப்பர்ல இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "குட்டி எப்படிக்கா இருந்துச்சு?"

ஊமையக்கா வேலைச் சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படியே உன் வீட்டுக்காரர் ஜாடை," என்றாள்.

தங்கைக்கு அழுகை இன்னும் கூடியது.